17 வருஷம் லேத் ஓட்டினவருக்கு 41 வயசுல சிஎன்சி வருமா?

நீங்க கேட்டிருக்கிறதை மேலோட்டமா பார்த்தா "சிஎன்சி கோர்ஸ் எங்க சேரலாம், வேலையிலேயே கத்துக்க முடியுமா"ங்கிற கேள்விதான். ஆனா கூட எழுதியிருக்கிற விவரத்தை இன்னொரு தடவை படிச்சா கேள்வி அது இல்லைன்னு படுதுங்க. பத்தாவது படிப்பு, 17 வருஷமா சென்டர் லேத்துல பம்ப் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் போட்டிருக்கீங்க, கம்பெனில இப்ப ரெண்டு சிஎன்சி டர்னிங் மெஷின், அதாவது கம்ப்யூட்டர் ப்ரோகிராம்ல தானா ஓடுற லேத், இறக்கியிருக்காங்க, ஓனர் "நீயும் கத்துக்கப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போயிட்டார், அந்த மெஷின்ல நிக்கிறது ஐடிஐ முடிச்ச சின்ன பசங்க. இவங்க முன்னாடி நான் மறுபடி ஹெல்ப்பர் மாதிரி நிக்கணுமா, இத்தனை வருஷம் கத்தது எல்லாம் போச்சா, இதுதான் நீங்க உண்மையிலேயே கேக்குறது. அதுக்கே பதில் சொல்றேன், கோர்ஸ் விஷயம் நடுவுல தானா வரும்.

நானும் கோயம்புத்தூர்ல கையால லேத் ஓட்டித்தான் ஆரம்பிச்சேன், அப்புறம் சிஎன்சி டர்னிங்ல பல வருஷம் செட்டர் (ஒவ்வொரு ஜாப்புக்கும் மெஷினை தயார் பண்ணிக் குடுக்கிறவர்), இப்ப புதுசா வர்றவங்களுக்கு மெஷின் பழக்கி விடுற வேலை. மெஷினை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் ஃபானுக் கம்பெனியோடதுதான் கைவசம். அதனால டர்னிங் பத்தி நான் சொல்றதை தைரியமா எடுத்துக்கலாம், விஎம்சி (செங்குத்தா நிக்கிற சிஎன்சி மில்லிங் மெஷின்), மில்லிங் பக்கம் என் பேச்சை மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க.

முதல்ல சந்தேகமே இல்லாத விஷயம். சிஎன்சில கஷ்டமான பாதி மெட்டல் கட்டிங், அது உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு. மெஷின்ல பட்டன் அமுக்குறதும் ப்ரோகிராம்ல இருக்கிற கோடு (code) படிக்கிறதும் சுலபமான பாதி, ஆனா அதுதான் வெளியில இருந்து பார்க்க பயங்கரமா தெரியும். ஒரு சாதாரண ஸ்டெப் ஷாஃப்ட்டுக்கு வேண்டிய கோடு எல்லாம் சேர்த்தா ஒரு பதினஞ்சு இருபதுக்குள்ள அடங்கிடும். ஜி00ன்னா வேகமா போ, ஜி01ன்னா சொன்ன ஃபீட்ல (ஒரு சுத்துக்கு டூல் நகர்ற தூரம்) வெட்டிக்கிட்டே நேரா போ, ஜி02 ஜி03 ரெண்டும் வளைவுக்கு, எம்03 ஸ்பிண்டில் சுத்து, எம்05 நில்லு, எம்08 கூலன்ட் ஆன், எம்30 முடிஞ்சது. டி0101ன்னு இருந்தா முதல் ரெண்டு இலக்கம் டரெட்டுல (டூல் எல்லாம் மாட்டியிருக்கிற சுத்துற தலை) எத்தனாவது டூல், கடைசி ரெண்டு எத்தனாவது ஆஃப்செட் (அந்த டூலுக்கு மெஷின்ல போட்டு வைக்கிற அளவுத் திருத்தம்). இதுக்கு இங்கிலீஷ் தேவையே இல்லைங்க, அலாரம் வந்தா படிக்கத்தான் கொஞ்சம் வேணும், அதுவும் அடிக்கடி வர்ற அலாரம் ஒரு பத்துதான் இருக்கும், பார்த்து பார்த்து பழகிடும்.

இன்னொன்னு, இது வருஷா வருஷம் மாறுற சாஃப்ட்வேர் சமாச்சாரம் இல்ல. 1952ல அமெரிக்காவுல எம்ஐடில நியூமெரிக்கல் கன்ட்ரோல் மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினாங்க, ஓட்டை போட்ட டேப்புலதான் அப்ப ப்ரோகிராம் ஏத்துவாங்க. இன்னைக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு ப்ரோகிராம் ஃபைலை திறந்தா முதல் வரியில ஒரு % குறி நிக்கும் பாருங்க, அது அந்த டேப் காலத்து மிச்சம். ஐடில இருக்கிற என் மச்சான் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுசா எதையாவது படிச்சுக்கிட்டே இருக்கார், ஜி01 பாவம் அப்படியேதான் இருக்கு. ஒருக்கா கத்துக்கிட்டா ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஓடும்.

இப்ப உங்க 17 வருஷம் எங்க வேலைக்கு ஆகும்ங்கிறதை சொல்றேன், இதை கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும். ஒரு நீள ஷாஃப்ட் ஓடுது, சக் (ஜாப்பை பிடிக்கிற பிடி) பக்கம் சைஸ் சரியா இருக்கு, வெளி முனையில டயா (விட்டம்) கூட வருது, அதாவது டேப்பர். ப்ரோகிராம் மட்டும் தெரிஞ்ச பையன் என்ன பண்ணுவான், ஆஃப்செட்டை குறைப்பான், இப்ப இந்த முனை சரியாகும் அந்த முனை அண்டர்சைஸ் ஆகும், மறுபடி ஏத்துவான், அதுக்குள்ள நாலு பீஸ் ஸ்கிராப். நீங்க பார்த்த உடனே சொல்லிடுவீங்க, ஜாப் வளையுது, டெயில்ஸ்டாக் வச்சு அந்த முனையை தாங்கு, இல்ல கட்டோட ஆழத்தை குறைன்னு. டயாவைப் போல மூணு மடங்குக்கு மேல நீளம் வெளிய நீட்டிட்டு இருந்தா சப்போர்ட் வேணும்ங்கிறது லேத்துலயும் அதேதான், சிஎன்சிலயும் அதேதான். ஓட்டைக்கு உள்ள வெட்டுற போரிங் பார் ஸ்டீலா இருந்தா அதோட டயாவுக்கு நாலு மடங்கு வரைக்கும் நீட்டலாம், அதுக்கு மேல போனா சத்தம் போட ஆரம்பிக்கும், கார்பைடு பார்னா ஆறு மடங்கு வரைக்கும் தாங்கும். அந்த சத்தத்தை காதால கேட்டே என்ன பண்ணணும்னு உங்களுக்கு தெரியும், ஸ்கிரீன்ல அது எங்கயும் எழுதி வராது.

ஃபினிஷும் அப்படித்தான். ஃபீடை குறைச்சா ஃபினிஷ் நல்லா வரும்னு உங்க கைக்கு தெரியும், அதுக்கு பின்னாடி இருக்கிற கணக்கு என்னன்னா, ஃபீடை ஃபீடால பெருக்கி, டூல் மூக்கு ரேடியஸோட எட்டு மடங்கால வகுத்தா டூல் விட்டுட்டு போற தடத்தோட உயரம் வரும். 0.8 ரேடியஸ் இன்சர்ட்ல (டூல் முனையில மாட்டி மாத்துற வெட்டுத் துண்டு) 0.2 ஃபீட் குடுத்தா கிட்டத்தட்ட 6 மைக்ரான், 0.1 ஆக்கினா ஒன்றரை மைக்ரான். ஃபீட் பாதியானா தடத்தோட உயரம் கால்வாசி ஆகுது. இது பேப்பர் கணக்குதான், நடைமுறையில ஆட்டம், தேய்மானம், சிப் உரசல் எல்லாம் சேர்ந்து கூட வரும், ஆனா எந்தப் பக்கம் திருப்பணும்னு காட்டிடும். இன்சர்ட்டுல சிஎன்எம்ஜி 120408ன்னு போட்டிருப்பாங்க, கடைசி 08தான் அந்த 0.8 ரேடியஸ். டப்பா மேல கலர் இருக்கும், நீலம் ஸ்டீலுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு, சிவப்பு காஸ்ட் அயர்னுக்கு. நம்ம ஊரு பம்ப் காஸ்டிங்குக்கு சிவப்பைத்தான் தேடணும். எந்த ஸ்பீடு, எந்த ஃபீடுங்கிறதும் பல டப்பாலயே அச்சடிச்சிருக்கும், நிறைய பேர் டப்பாவை திருப்பியே பார்க்கிறதில்ல.

சரி, புதுசா என்ன இருக்கு, பழைய டர்னர் எங்க தடுமாறுவார்? முதல் இடம் வேகம். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல்ல மைல்ட் ஸ்டீலை நிமிஷத்துக்கு 30 மீட்டர் கட்டிங் ஸ்பீடுல ஓட்டினவங்க நாம, 40 டயாவுக்கு அது சுமாரா 240 ஆர்பிஎம். அதே ஜாப்பை கார்பைடு இன்சர்ட்ல 200 மீட்டர்ல ஓட்டுவாங்க, அப்ப 1590 வரும். முதல் தடவை பார்க்கும்போது கை தானா ஸ்டாப் பட்டனுக்கு போகும், எல்லாருக்கும் அப்படித்தான். இங்க ஒரு கோடை மட்டும் முதல் வாரத்துலயே புரிஞ்சுக்கோங்க, ஜி96. கட்டிங் ஸ்பீடை நிலையா வச்சுக்கிறதுக்காக டயா குறையக் குறைய மெஷினே ஆர்பிஎம்மை ஏத்தும். ஃபேசிங்ல டூல் நடுவுக்கு போகும்போது 10 டயாவுல 6360 தாண்டி கேக்கும், நடு சென்டர்ல டயா ஜீரோ, அப்ப மெஷின் தன்னால முடிஞ்ச உச்சத்துக்கு போயிடும். வேகம் ஏற ஏற சக் ஜா (சக்கோட பிடிக்கிற பல்) வெளிப்பக்கம் இழுபடும், ஜாப் மேல இருக்கிற பிடி குறையும், கனமான காஸ்டிங்கா இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அதனாலதான் அதுக்கு முன்னாடி ஜி50 எஸ்2500 மாதிரி ஒரு உச்சவரம்பு போடுவாங்க. அந்த வரி இல்லாத ப்ரோகிராமை ஸ்டார்ட் பண்ணாதீங்க, யார் எழுதியிருந்தாலும் சரி. த்ரெட் போடும்போது மட்டும் ஜி96 ஆகாது, ஜி97 போட்டு ஆர்பிஎம்மை நிலையா வைக்கணும், நடுவுல வேகம் மாறினா த்ரெட் ஆரம்பிக்கிற இடம் நகர்ந்துடும். நாம ஹாஃப் நட்டும் டயலும் பார்த்து பிடிச்ச இடத்தை இங்க ஸ்பிண்டில் என்கோடர் (ஸ்பிண்டில் சுத்துறதை அளக்கிற சென்சார்) பிடிக்குது, விஷயம் அதேதான்.

ரெண்டாவது தடுமாற்றம் ஆஃப்செட். கையில ஹேண்டிலை திருப்பி டயா பிடிச்ச ஆளுக்கு, நம்பரை அடிச்சு மெஷினை நம்புறது மனசுக்கு ஒட்டாது. பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு குழப்பமும் வரும், வெளி டயாவுக்கு ஒண்ணு போருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா மனப்பாடம் பண்ண வச்சு பசங்களையே குழப்பி விட்டிருக்காங்க. ஒரே ஒரு கணக்கு போதும், வேணுங்கிற சைஸ்ல இருந்து அளந்த சைஸை கழிங்க, வர்றதை அப்படியே வியர் ஆஃப்செட்டுல (தேய்மானத்துக்கான திருத்தம்) எக்ஸ்ல, அதாவது டயா பக்கம், சேருங்க. 25.00 வேணும், வெளி டயா 25.04 இருக்கு, மைனஸ் 0.04. போர் 25.00 வேணும், 24.96 தான் இருக்கு, பிளஸ் 0.04. ரெண்டுக்கும் ஒரே விதி. ஃபானுக்ல இன்புட்னு ஒரு கீ, பிளஸ் இன்புட்னு ஒரு கீ இருக்கும். இன்புட் அமுக்கினா பழைய நம்பர் போயி நீங்க அடிச்சது மட்டும் நிக்கும், பிளஸ் இன்புட்னா பழசோட கூடும். திருத்தத்துக்கு எப்பவும் பிளஸ் இன்புட்தான். அப்புறம் புள்ளி. 0.04ங்கிறதுக்கு புள்ளி தவறி 4ன்னு போயிட்டா அது 4 மில்லியாவும் எடுக்கும், 4 மைக்ரானாவும் எடுக்கும், மெஷின் பேராமீட்டரை பொறுத்தது, ஒண்ணுல டூல் உடையும், இன்னொண்ணுல சைஸ் அசையாது. அடிச்சதும் அமுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா வாய்விட்டு படிச்சுப் பாருங்க, யாராவது சிரிச்சா சிரிக்கட்டும்.

கத்துக்கிற வரிசையிலதான் நிறைய பேர் சிக்கிக்கிறாங்க. கோர்ஸுல முதல் நாளே ப்ரோகிராம் எழுத சொல்லித் தருவாங்க, ஷாப்புல அது கடைசியா வர்ற வேலை. என்னைக் கேட்டா இப்படி போங்க: முதல்ல ஜாப் மாட்டி கழட்டி அளந்து வியர் ஆஃப்செட் குடுக்கிறது, இதுல உங்க மைக்ரோமீட்டர் கை உடனே பேர் வாங்கிக் குடுத்துடும். அடுத்து இன்சர்ட் மாத்தி திரும்ப சைஸ் கொண்டு வர்றது. அப்புறம் டூல் செட் பண்றது, ஒரு சின்ன கட் எடுத்து, அளந்து, 38.62 வந்தா எக்ஸ்38.62ன்னு அடிச்சு மெஷர் கீயை அமுக்குறது, நீளப் பக்கமான இசட்டுக்கு ஃபேஸ் தொட்டு அதே மாதிரி. அப்புறம் சாஃப்ட் ஜா போரிங், அதாவது மெதுவான ஜாவை ஜாப் சைஸுக்கு வெட்டிக்கிறது, இது செட்டரோட உயிர் வேலை, ரன்அவுட் (ஜாப் சுத்தும்போது ஆடுற அளவு) எல்லாம் இங்கதான் தீர்மானம் ஆகுது, டயல் வச்சு பார்க்கிற பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே இருக்கு. இவ்வளவும் ஆன பிறகு, ஓடிட்டு இருக்கிற ப்ரோகிராமை ஒரு நோட்டுல கையால எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல தமிழ்ல டூல் என்ன பண்ணுதுன்னு எழுதுங்க. ப்ரிண்ட் எடுத்து வச்சுக்காதீங்க, கையால எழுதணும், மறுநாள் நோட்டை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்க்கணும். ஜி71 ரஃபிங் சைக்கிள் வரும்போது ஒரு இடத்துல நின்னு யோசிங்க, முதல் வரியில யு1.5ன்னு இருந்தா அது ஒரு கட்டோட ஆழம், ஒரு பக்கத்துக்கு, டயாவுல 3 மில்லி போகும், ரெண்டாவது வரியில இருக்கிற யு ஃபினிஷுக்கு விடுறது, அது டயா கணக்கு. ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம், யார் யோசிச்சானோ. இதெல்லாம் புரிஞ்ச பிறகு ஒரு ஃபீடை மாத்துறது, ஒரு சேம்ஃபர் சேர்க்கிறதுன்னு சின்னதா தொடங்கி, கடைசியா முழு ப்ரோகிராம். ஃபோன்ல ஓடுற சிமுலேட்டர் ஆப் இலவசமாவே கிடைக்குது, அந்த கட்டத்துக்கு அது நல்லாவே போதும்.

ஃபர்ஸ்ட் பீஸ் ஓட்டும்போது மட்டும் யாரோட அவசரத்துக்கும் மசியாதீங்க. சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியா நின்னு ஓடுறது) ஆன், ரேப்பிட் (வெட்டாம நகர்ற வேகம்) 25 சதவீதம் இல்ல அதுக்கும் கம்மி, ஒரு விரல் ஃபீட் ஹோல்டு (டூல் நகர்றதை நிறுத்துற பட்டன்) மேல. டூல் ஜாப்கிட்ட வரும்போது நிறுத்தி ஸ்கிரீன்ல டிஸ்டன்ஸ் டு கோ பாருங்க, இன்னும் 3 மில்லி போகணும்னு காட்டுது, கண்ணுக்கு இடைவெளி 3 மில்லி மாதிரி தெரியுதா? தெரிஞ்சா போகலாம். ஸ்கிரீன்ல 50 காட்டுது, கண்ணுல 5 தான் தெரியுதுன்னா ரீசெட். சைக்கிள் டைம் குறையுதுன்னு கதவு இன்டர்லாக்கை (கதவு திறந்திருந்தா மெஷினை ஓடவிடாத பூட்டு) பைபாஸ் பண்ணி ஓட்டுற ஷாப்புகள் இருக்கு, அந்த பழக்கத்தை மட்டும் கத்துக்காதீங்க.

இப்ப கோர்ஸுக்கு வர்றேன். மெஷின் பக்கத்துல நிக்க வாய்ப்பே இல்லாதவங்களுக்கு கோர்ஸ் தேவை. உங்களுக்கு மெஷின் அதே கூரைக்கு கீழ இருக்கு. ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல கத்தது மறுநாள் கைக்கு வரலைன்னா அடுத்த மாசத்துக்குள்ள காணாம போயிடும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல, எத்தனையோ பேரை பார்த்தாச்சு. அதுக்காக கோர்ஸே வீண்னு சொல்லல, ஆஃப்செட், டூல் செட்டிங் எல்லாம் கைக்கு வந்த பிறகு, ப்ரோகிராமிங்குக்கு மட்டும் ஒரு குறுகிய கோர்ஸ் போனா பணத்துக்கு மேல லாபம், ஏன்னா அப்ப உங்ககிட்ட கேக்க கேள்வி இருக்கும். சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க, நிஜ மெஷின்ல ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேரம், ஒரு மெஷினுக்கு எத்தனை பேர். பதில் மழுப்பலா வந்தா வெளிய வந்துடுங்க. கம்பெனிகளுக்கு ட்ரெய்னிங் குடுக்க வர்றவங்க 70-20-10ன்னு ஒரு கணக்கு போடுவாங்க, வேலையில 70, மத்தவங்ககிட்ட 20, கிளாஸ்ல 10ன்னு. அது மேனேஜர்கள்கிட்ட "எப்படி கத்துக்கிட்டீங்க"ன்னு கேட்டதுல இருந்து வந்த கணக்கு, ஒர்க்‌ஷாப்புல அளந்து பார்த்தது இல்ல. திசை சரியா இருக்கலாம், நம்பரை நம்பி எதுவும் பண்ண வேண்டாம்.

"வேலையிலேயே கத்துக்கோ"ன்னு ஓனர் சொல்றது பாதி நேரம் வெறும் பேச்சா போயிடும், காரணம் அவர் கெட்டவர்னு இல்ல, புரொடக்‌ஷன் ஓடும்போது கத்துக்கிறவனுக்கு மெஷின் தர யாருக்கும் மனசு வராது. அதனால பொதுவா கேக்காதீங்க, குறிப்பா கேளுங்க. "சார், தினம் ஷிஃப்ட் மாறுற நேரத்துல அரை மணி நேரம் மெஷின் குடுங்க, அடுத்த செட்டிங் மாத்தும்போது நான் கூட நிக்கிறேன், அந்த நேரம் லேத்துல வேற யாரையாவது போடுங்க"ன்னு. செட்டிங் மாத்துற நேரம்தான் முழு பாடமும் நடக்கும், ஓடிட்டு இருக்கிற மெஷினை எவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தாலும் ஒண்ணும் வராது. மெஷினோட வந்த மேனுவல் ஆபீஸ் பீரோவுல பிளாஸ்டிக் பிரிக்காம இருக்கும், எம் கோடு பட்டியல் இருக்கிற பக்கத்தை மட்டும் ஃபோட்டோ எடுத்துக்கோங்க, ஏன்னா ஜி00, ஜி01 எல்லா மெஷின்லயும் ஒண்ணு, எம் கோடு பல இடத்துல மெஷின் கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

அந்த பசங்க விஷயம். "தம்பி, இந்த பேஜுக்கு எப்படி போனே, ஒருக்கா காட்டு"ன்னு நீங்க கேட்டா ஒரு பயலும் கேலி பண்ண மாட்டான், பெரும்பாலும் அவனுக்கு பெருமையாத்தான் இருக்கும். கேலி பண்றவன் ஒருத்தன் இருந்தா அவனுக்கு டேப்பர் வர்ற நாள் வரும், அப்ப உங்ககிட்டதான் வருவான். பதிலுக்கு நீங்க ஏதாவது குடுங்க, சிப் கலரை பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம், மைக்ரோமீட்டரை எவ்வளவு அழுத்தணும், டயல் எப்படி வைக்கணும்னு. அவனுங்களுக்கு இதை சொல்லித்தர ஷாப்புல வேற ஆளே இல்லைங்கிறதை ஞாபகம் வச்சுக்கோங்க.

உறுதியா சொல்ல முடியாத விஷயம்னு ரெண்டு இருக்கு. ஒண்ணு சம்பளம். கத்துக்கிட்டா உடனே ஏறும்னு நான் சொல்ல மாட்டேன், அது கம்பெனியை பொறுத்தது. ஆனா ஆபரேட்டருக்கும் செட்டருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் எல்லா ஷாப்புலயும் இருக்கு. ஜாப் மாட்டி பச்சை பட்டன் அமுக்குறதோட உங்களை நிறுத்திட்டாங்கன்னா, லேத்துல இருந்ததை விட மதிப்பு குறைஞ்ச இடத்துக்கு போன மாதிரிதான், அதுல மட்டும் உஷாரா இருங்க. ஆறு மாசம் ஆகியும் ஆஃப்செட் பேஜை தொட விடலைன்னா வாய் திறந்து கேக்கணும். இன்னொண்ணு, கேம் (CAM, ட்ராயிங்ல இருந்து ப்ரோகிராம் எழுதுற) சாஃப்ட்வேரும் இப்ப ஏஐயும் ப்ரோகிராமை தானே எழுதிடும், அப்புறம் நாம எதுக்குன்னு கேட்டிருந்தீங்க. ப்ரோகிராம் எழுதுற வேலை குறையலாம், அது எவ்வளவு வேகமா நடக்கும்னு யார் சொன்னாலும் அது ஊகம்தான். ஆனா உங்க சக்கு எவ்வளவு இறுக்கும், அந்த காஸ்டிங்ல எங்க மணல் இருக்கு, இந்த பார் எவ்வளவு நீட்டினா ஆடும்ங்கிறது மெஷின் முன்னாடி நிக்கிற ஆளுக்குத்தான் தெரியும், நீங்க மேல மேல போகவேண்டிய பக்கமும் அதுதான்.

எத்தனை நாள் ஆகும்னும் கேட்டிருந்தீங்க. மேல சொன்ன மாதிரி தினம் மெஷின் கிடைச்சா ஆஃப்செட், இன்சர்ட் ஒரு மாசத்துக்குள்ள, தனியா ஒரு செட்டிங் மாத்துறது நாலஞ்சு மாசத்துல, இது நான் பழக்கிவிட்ட டர்னர்களை வச்சு சொல்றது, நேரா ஐடிஐல இருந்து வந்தவங்களுக்கு சாஃப்ட் ஜாவும் சைஸ் பிடிக்கிறதும் இதை விட கூடத்தான் ஆச்சு. உங்க மெஷின்ல கன்ட்ரோல் ஃபானுக்கா சீமென்ஸாங்கிறதை பார்த்து சொல்லுங்க. சீமென்ஸா இருந்தா ஆஃப்செட் பேஜும் சைக்கிளும் வேற மாதிரி இருக்கும், நான் மேல சொன்ன பிளஸ் இன்புட், ஜி71 எல்லாம் அப்படியே பொருந்தாது. முதல்ல ஓட்டப்போற ஷாஃப்ட்டோட மெட்டீரியல், நீளம், டயாவை இங்கயே போட்டீங்கன்னா எந்த இன்சர்ட், எந்த ஸ்பீடுல ஆரம்பிக்கலாம்னு எழுதுறேன்.